ஒரு கிராம் வெள்ளி 21 கோடி ரூபாய்: விலை வைத்தது யார்?

2024-ம் ஆண்டு நவம்பர் மாதம் அமெரிக்காவில் ஒரு சின்ன வெள்ளிக் காசு ஏலத்திற்கு வந்தது. அதன் எடை 1.1 கிராம். உருக்கி விற்றால் அன்றைய வெள்ளி விலையில் ஒரு டாலரும் மூன்று சென்ட்டும் கிடைக்கும். ஏலம் 12 நிமிடங்களுக்கு மேல் நீடித்தது. முடிவில் அந்தக் காசு 25 லட்சத்து 20 ஆயிரம் டாலருக்குப் போனது. நம் பணத்தில் ஏறத்தாழ 21 கோடி ரூபாய். அமெரிக்க விடுதலைப் போருக்கு முன் அங்கே அடிக்கப்பட்ட காசுகளில், தங்கம் அல்லாத ஒன்றுக்கு அதுவரை இவ்வளவு விலை கிடைத்ததே இல்லை. ஏலம் நடத்திய நிறுவனம் ஸ்டாக்ஸ் பவர்ஸ் கேலரீஸ்.

இப்படி ஒரு செய்தி வந்தால் இரண்டு விதமான பேச்சு எழும். ஒன்று, "இன்டர்நெட் வந்த பிறகு விலைக்கு அர்த்தமே இல்லாமல் போய்விட்டது, கிளிக் செய்கிற வேகத்தில் யாரோ பைத்தியக்காரத்தனமாக ஏற்றிவிடுகிறார்கள்" என்பது. இன்னொன்று, "நம் வீட்டு டிரங்குப் பெட்டியில்கூட பழைய காசு கிடக்கிறதே, அதையும் நெட்டில் போட்டால் என்ன?" என்பது. புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் வீட்டில் இரண்டாவது பேச்சுதான் அதிகம் கேட்கும்.

இரண்டுமே தவறு என்பது என் கருத்து. அந்த விலை பைத்தியக்காரத்தனத்தால் வந்தது அல்ல. நம் டிரங்குப் பெட்டிக்கும் அந்த ஏலத்திற்கும் இடையே இருக்கும் தூரத்தை ஒரு கிளிக் குறைத்துவிடவும் முடியாது. நான் தினமும் புரோகிராம் எழுதிப் பிழைப்பவன். நாணய வியாபாரி அல்ல. ஆனால் இன்டர்நெட் எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதை இந்தக் காசின் கதை தெளிவாகக் காட்டுகிறது. அதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

அப்படி என்ன காசு அது?

1652-ம் ஆண்டு. இன்றைய அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் அப்போது இங்கிலாந்தின் ஒரு குடியேற்றப் பகுதி. அங்கே சில்லறைக்குப் பெரிய தட்டுப்பாடு. கையில் கிடைத்த அயல்நாட்டுக் காசுகளை வைத்துத்தான் வியாபாரம் நடந்தது. அவற்றில் கலப்படமும், ஓரம் வெட்டப்பட்டு எடை குறைந்ததும் நிறைய. எனவே தாங்களே காசு அடிப்பது என்று அந்தப் பகுதியின் சட்டசபை 1652 மே மாதம் முடிவு செய்தது. பாஸ்டன் நகரில் நாணயச் சாலை தொடங்கியது. ஜான் ஹல், ராபர்ட் சாண்டர்சன் என்ற இரண்டு பொற்கொல்லர்களிடம் பொறுப்பு கொடுக்கப்பட்டது.

இதில் ஒரு துணிச்சல் இருக்கிறது. காசு அடிக்கும் உரிமை இங்கிலாந்து அரசருக்கு மட்டுமே உரியது. ஆனால் 1649-ல் முதலாம் சார்லஸ் மன்னரின் தலை வெட்டப்பட்டுவிட்டது. 1652-ல் சிம்மாசனத்தில் அரசரே இல்லை. அந்த இடைவெளியில்தான் பாஸ்டன்காரர்கள் தங்கள் காசை அடித்தார்கள்.

முதலில் வந்த காசுகள் மிக எளிமையானவை. ஒரு பக்கம் நியூ இங்கிலாந்தைக் குறிக்கும் என்.ஈ. என்ற இரண்டு எழுத்து. மறு பக்கம் மதிப்பைக் காட்டும் ரோமன் எண். 12 என்றால் ஷில்லிங், 6 என்றால் ஆறு பென்ஸ், 3 என்றால் மூன்று பென்ஸ். அரசர் படம் கிடையாது. ஆண்டுகூடக் கிடையாது. மற்றபடி வெறும் வெள்ளித் தகடு. இதனால் ஒரு சிக்கல் வந்தது. ஓரத்தைக் கொஞ்சம் வெட்டி எடுத்தாலும் பார்ப்பவருக்குத் தெரியாது. போலி செய்வதும் சுலபம். எனவே அதே 1652 அக்டோபரிலேயே வடிவத்தை மாற்ற உத்தரவு வந்தது. சுற்றிலும் வளையம், நடுவில் மரம், எழுத்துகள் என்று புதுக் காசுகள் வந்தன.

அதாவது என்.ஈ. காசுகள் சில மாதங்கள்தான் அடிக்கப்பட்டன. அவற்றிலும் மூன்று பென்ஸ் காசு மிகமிக அரிது. மாசசூசெட்ஸ் வரலாற்றுக் கழகத்தில் ஒன்று இருக்கிறது. யேல் பல்கலைக்கழகத்தில் இருந்த ஒன்று பல ஆண்டுகளுக்கு முன் திருடு போய்விட்டது. தனியார் யாரும் வாங்கக்கூடிய நிலையில் ஒன்றுகூடக் கிடையாது என்றுதான் சேகரிப்பாளர்கள் நினைத்திருந்தார்கள்.

2016-ல் நெதர்லாந்து நாட்டில் ஒரு பழைய அலமாரிக்குள் ஒன்று அகப்பட்டது. அதைத்தான் 2024-ல் ஏலம் விட்டார்கள். அது இருந்த அட்டைப் பெட்டியில் குவின்சி குடும்பத்தின் பெயரும் 1798 என்ற ஆண்டும் எழுதப்பட்டிருந்தன. குவின்சி குடும்பம் பாஸ்டன் பகுதியில் பேர்பெற்றது. அமெரிக்காவின் இரண்டாவது ஜனாதிபதி ஜான் ஆடம்ஸின் மனைவி அபிகெயில், தாய் வழியில் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவர். ஆடம்ஸ் ஜனாதிபதி ஆவதற்கு முன் நெதர்லாந்தில் அமெரிக்கத் தூதராக இருந்தவர். பாஸ்டன் காசு கடல் தாண்டிப் போனதற்கு இப்படி ஒரு வழி தெரிகிறது.

மிட்டாய் டப்பாவில் இருந்த ஷில்லிங்

இதற்கு மூன்று ஆண்டுகள் முன்பு, 2021 நவம்பரில், லண்டனில் மார்ட்டன் அண்ட் ஈடன் என்ற ஏல நிறுவனத்தில் இதே வகையைச் சேர்ந்த ஒரு ஷில்லிங் விற்பனைக்கு வந்தது. அது கிடைத்த இடம், இங்கிலாந்தில் ஒரு பழைய குடும்பத்தின் வீட்டில் இருந்த மிட்டாய் டப்பா. உள்ளே நூற்றுக்கணக்கான பழைய காசுகளோடு அதுவும் கிடந்தது. அந்தக் குடும்பத்தின் முன்னோர் ஒருவர் 1630-களில் நியூ இங்கிலாந்தில் குடியேறியவர்.

ஏல நிறுவனம் அதற்குப் போட்ட மதிப்பு ஒன்றரை லட்சம் முதல் இரண்டு லட்சம் பவுண்டு. போனது 2 லட்சத்து 64 ஆயிரம் பவுண்டுக்கு. அன்றைய மதிப்பில் இரண்டரைக் கோடி ரூபாய்க்கும் மேல். வாங்கியவர் ஏல அறைக்கே வரவில்லை. அமெரிக்காவில் உட்கார்ந்தபடி ஆன்லைனில் ஏலம் கேட்டவர் அவர்.

இங்கேதான் நமக்கு வேண்டிய கேள்வி வருகிறது. ஏலத்தையே தொழிலாகக் கொண்ட நிபுணர்கள் போட்ட மதிப்பையும் தாண்டி விலை ஏன் போனது?

விலையை வைப்பவர் இரண்டாவது ஆள்

ஊரில் ஏலம் பார்த்திருப்பீர்கள். "ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்" என்று முடிப்பார்கள். ஜெயித்தவர்தான் விலையை ஏற்றினார் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் அவரை அந்த விலைக்குத் தள்ளியவர் தோற்றவர்தான். எதிரே ஆள் இல்லாவிட்டால் ஜெயித்தவர் முதல் கேள்வியிலேயே பொருளை வாங்கிக்கொண்டு போயிருப்பார்.

இன்டர்நெட் ஏலத்தில் இது இன்னும் வெளிப்படையாகத் தெரியும். இபே போன்ற தளங்களில் நீங்கள் ஒவ்வொரு முறையும் விலையை ஏற்றிக்கொண்டே உட்கார்ந்திருக்க வேண்டாம். "என்னால் அதிகபட்சம் இவ்வளவு தர முடியும்" என்று ஒரு தொகையை ஒரே ஒரு முறை டைப் செய்தால் போதும். மற்றவர்களுக்கு அது தெரியாது. உங்கள் சார்பில் அந்தத் தளத்தின் புரோகிராமே ஏலம் கேட்கும்.

ஓர் உதாரணம் பார்ப்போம். நீங்கள் 1000 ரூபாய் என்று கொடுத்திருக்கிறீர்கள். இன்னொருவர் 700 ரூபாய் என்று கொடுத்திருக்கிறார். ஒவ்வொரு முறையும் 10 ரூபாய் ஏறும் என்று வைத்துக்கொள்வோம். பொருள் உங்களுக்கு 710 ரூபாய்க்கு வந்துவிடும். 1000 ரூபாயும் போகாது. இரண்டாவது ஆள் 950 என்று கொடுத்திருந்தால் நீங்கள் தருவது 960. நீங்கள் மாறவில்லை, பொருளும் மாறவில்லை. இரண்டாவது ஆள் மட்டும்தான் மாறினார். இந்த வகை ஏலத்தின் கணக்கை வில்லியம் விக்ரி என்ற பொருளாதார அறிஞர் 1961-லேயே எழுதி வைத்தார். அவருக்கு 1996-ல் நோபல் பரிசு கிடைத்தது.

இதே கணக்கைக் காசு ஏலத்தில் பொருத்திப் பாருங்கள். 1794-ல் அமெரிக்க அரசு அடித்த முதல் டாலர் காசுகளில் ஒன்று 2013 ஜனவரியில் ஒரு கோடி டாலருக்குச் சற்று மேல் விலை போனது. அந்தச் சமயத்தில் அது ஓர் உலக சாதனை. அதே காசு 2020 அக்டோபரில் மீண்டும் ஏலத்திற்கு வந்தது. உரிமையாளர் வைத்திருந்த குறைந்தபட்ச விலையைக்கூட எட்டவில்லை. விற்காமலே திரும்பிப் போனது. ஏழு ஆண்டுகளில் காசு தேயவில்லை, அதன் சரித்திரமும் மாறவில்லை. 2020-ல் அந்த விலைக்கு மோத அன்று ஆள் இல்லை, அவ்வளவுதான்.

ஆக, "எதிர்பாராத விலை" என்று பத்திரிகைகள் எழுதுவதற்குப் பொருள் இதுதான். ஏல நிறுவனம் போடும் மதிப்பு ஓர் ஊகம். பழைய ஏலங்களைப் பார்த்துப் போடுகிறார்கள். எட்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி, இத்தனை ஆண்டுகளாக இதற்காகவே காத்திருக்கும் இரண்டாவது ஆள் எவ்வளவு தூரம் போவார் என்பது யாருக்கும் தெரியாது.

இன்டர்நெட் இங்கே செய்த வேலை என்ன? முன்பெல்லாம் அந்த இரண்டாவது ஆள் லண்டனுக்குப் பயணப்பட வேண்டும், அல்லது கடிதத்திலோ டெலிபோனிலோ கேட்க வேண்டும். பல நேரங்களில் ஏலம் நடப்பதே அவருக்குத் தெரியாது. இப்போது தெரிகிறது. தெரிந்தவுடன் கேட்கவும் முடிகிறது. இன்டர்நெட் விலையை ஊதிப் பெருக்கவில்லை. வந்திருக்க வேண்டிய ஆளை வரவழைத்தது. இதை நான் நல்ல மாற்றம் என்றே சொல்வேன். மிட்டாய் டப்பாவை வைத்திருந்த குடும்பத்திற்கு நியாயமான விலை கிடைத்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

அதே இன்டர்நெட் விலையைக் குறைக்கவும் செய்யும். ஒரு காசு அபூர்வம் என்று ஊரில் ஒரு கடைக்காரர் சொன்னால் முன்பு நம்பத்தான் வேண்டும். இப்போது தேடிப் பார்த்தால் அதே காசை நூறு பேர் விற்கக் காத்திருப்பது தெரியும். எல்லோரும் வைத்திருக்கும் பொருள் அபூர்வம் ஆகாது. உண்மையில் அரிதானதற்கு விலை ஏறுவதும், அரிது என்று சும்மா நினைத்ததற்கு விலை இறங்குவதும் ஒரே காரணத்தால் நடக்கின்றன.

கம்ப்யூட்டரால் முடியாத வேலை

இனி மறுபக்கத்தைப் பார்ப்போம். இரண்டு பேர் கோடிக்கணக்கில் மோதுகிறார்கள் என்றால் இருவரும் ஒரு விஷயத்தை நம்ப வேண்டும்: அந்தக் காசு அசல் என்பதை. ஸ்கிரீனில் தெரியும் படத்தை வைத்து அதைச் சொல்ல முடியாது. படத்திற்கு எடை கிடையாது. தட்டினால் சத்தம் வராது. காசைக் கையில் வாங்கி, எடை போட்டு, உலோகத்தைச் சோதித்து, ஏற்கெனவே அருங்காட்சியகத்தில் இருப்பதோடு ஒப்பிட்டு, விஷயம் தெரிந்த ஒருவர் தன் பெயரை வைத்துச் சொல்ல வேண்டும்.

இந்த வேலையை அமெரிக்காவில் தொழிலாகவே செய்கிறார்கள். 1986-ல் தொடங்கிய பி.சி.ஜி.எஸ்., 1987-ல் தொடங்கிய என்.ஜி.சி. என்ற இரண்டு நிறுவனங்கள் இதில் பெயர் பெற்றவை. காசை ஆராய்ந்து 1 முதல் 70 வரை தர எண் கொடுப்பார்கள். பிறகு பிளாஸ்டிக் உறையில் வைத்து மூடி, ஒரு சான்று எண் போடுவார்கள். அந்த எண்ணை அவர்களின் இணைய தளத்தில் டைப் செய்தால் காசின் விவரம் வரும். இப்போது இந்த உறையையே போலியாகச் செய்பவர்களும் இருக்கிறார்கள். அசல் எண்ணைக் காப்பி அடித்துப் போலிக் காசின் மேல் போட்டுவிடுவார்கள். எனவே எண் சரியாக இருந்தால் மட்டும் போதாது. தளத்தில் காசின் படம் இருந்தால் அதையும் கையில் இருப்பதையும் ஒப்பிட வேண்டும்.

போலி ஒன்றும் இன்டர்நெட் பெற்ற பிள்ளை அல்ல. 1850-களில் நியூயார்க்கில் தாமஸ் வயட் என்பவர் இதே மாசசூசெட்ஸ் வெள்ளிக் காசுகளைப் போலியாகச் செய்து விற்றார். பாஸ்டனுக்கு அருகே செல்சி என்ற இடத்தில் புதைந்து கிடந்து கிடைத்தவை என்று ஒரு கதையும் சேர்ந்து பரவியது. அந்தக் கதைதான் காசை விற்றது. இன்றைக்கு மொபைலில் வரும் மோசடிச் செய்திகளைப் படித்தால் அதே உத்திதான். அன்று ஒருவர் பத்துப் பேரிடம் கதை சொன்னார். இன்று ஒரே நொடியில் பத்தாயிரம் பேருக்குப் போகிறது.

குவின்சி குடும்பத்தின் பெயர் எழுதிய அட்டைப் பெட்டியும் ஒரு கதைதானே என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. வித்தியாசம் இதுதான்: வயட்டின் கதையில் சோதித்துப் பார்க்க ஒன்றும் இல்லை. இங்கே பெட்டி கையில் இருக்கிறது, குடும்ப வரலாறு ஆவணங்களில் இருக்கிறது, ஒப்பிட்டுப் பார்க்க மாசசூசெட்ஸ் வரலாற்றுக் கழகத்தில் இன்னொரு காசு இருக்கிறது. சோதிக்க முடிகிற கதையை மட்டுமே நம்பலாம். கம்ப்யூட்டரில் வரும் எதற்கும் இந்த விதி பொருந்தும்.

நம் வீட்டுக்கு வரும் போன்

இவ்வளவு தூரம் எழுதக் காரணம் இருக்கிறது. சென்ற ஆண்டு ஊரிலிருந்து என் பெரியப்பா போன் செய்தார். "ஏம்ப்பா, 1818-னு போட்டு அனுமார் உருவம் இருக்குற காசு ஒண்ணு நம்ம வீட்ல இருக்கு. கம்ப்யூட்டர்ல பாத்து ஒருத்தன் ஏழு லட்சம் தரேங்குறான். ரெஜிஸ்டர் பண்ண மூவாயிரத்து ஐநூறு கட்டச் சொல்றான். கட்டலாமா?" என்று கேட்டார்.

"கட்டாதீங்க பெரியப்பா. வாங்குறவன் நமக்குப் பணம் தருவானா, நாம அவனுக்குத் தரணுமா?" என்று கேட்டேன். அவருக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. பணம் தப்பியது.

1818 என்று போட்டு, ராமர் பட்டாபிஷேகமோ அனுமாரோ இருக்கும் அந்தக் காசுகள் நம் நாட்டில் ஏராளம். கிழக்கிந்தியக் கம்பெனி அப்படி ஒரு காசை வெளியிட்டதே இல்லை. அவை பிற்காலத்தில் யாரோ அடித்துவிட்ட வில்லைகள். பூஜை அறையில் வைக்கலாம், விற்று வீடு கட்ட முடியாது.

பழைய நோட்டையும் காசையும் லட்சக்கணக்கில் வாங்குவதாகச் சொல்லும் இந்த மோசடி எவ்வளவு பரவியது என்றால், 2021 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கியே அறிக்கை வெளியிட வேண்டி வந்தது. ரிசர்வ் வங்கியின் பெயரையும் சின்னத்தையும் காட்டி, பழைய நோட்டு, காசு விற்பனைக்குக் கமிஷன், வரி என்று பணம் கேட்கிறார்கள். தாங்கள் இப்படிப்பட்ட வியாபாரம் எதையும் செய்வதில்லை, யாருக்கும் அனுமதியும் கொடுக்கவில்லை என்று அந்த அறிக்கை தெளிவாகச் சொன்னது.

பாஸ்டன் காசு போன்ற உண்மைச் செய்திகள்தான் இந்த மோசடிக்காரர்களுக்கு முதலீடு. "அமெரிக்காவில் ஒரு காசு 21 கோடி" என்பது உண்மை. அதை ஒட்டவைத்து "உங்கள் காசு 7 லட்சம்" என்று பொய் சொன்னால் அதுவும் உண்மை போலத் தெரிகிறது. செய்தியில் விலையை மட்டும் கொட்டை எழுத்தில் போட்டு, அந்த விலை எப்படி வந்தது என்பதை விட்டுவிடும் பழக்கமும் இதற்கு உதவுகிறது. இது என் ஆதங்கம்.

சில விஷயங்களை மனதில் வையுங்கள்

முதலில், கேட்கும் விலை வேறு, விற்ற விலை வேறு. ஒரு தளத்தில் ஒருவர் தன் காசுக்குப் பத்து லட்சம் என்று எழுதியிருந்தால் அது அவருடைய ஆசை. யாரும் வாங்காமல் அது ஆண்டுக்கணக்கில் அங்கேயே கிடக்கலாம். இபே தளத்தில் விற்று முடிந்தவற்றை மட்டும் காட்டும்படி தேட வசதி இருக்கிறது. பெரிய ஏல நிறுவனங்களும் முடிந்த ஏலங்களின் விலையைத் தங்கள் தளங்களில் வெளியிடுகின்றன. அதைப் பாருங்கள்.

இரண்டாவது, ஏலம் கேட்கும் ஆசை வந்தால் உங்கள் உச்ச விலையை முன்பே ஒரு காகிதத்தில் எழுதிவையுங்கள். கடைசி நிமிடத்தில் ஸ்கிரீனில் நொடிகள் குறைவதைப் பார்த்தால் கை தானாக மவுசுக்குப் போகும். ரோத், ஆக்கன்ஃபெல்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 2002-ல் இதைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். குறித்த நொடியில் ஏலத்தை முடித்த இபேயில் கடைசி நிமிடக் கேள்விகள் குவிந்தன. கடைசியில் யாராவது கேட்டால் ஏலத்தைப் பத்து நிமிடம் நீட்டித்த அன்றைய அமேசான் ஏலங்களில் அப்படி இல்லை. புரோகிராமில் ஒரு சின்ன விதி மனிதர்களின் அவசரத்தை எப்படி மாற்றுகிறது பாருங்கள். ஒரு புரோகிராமராக எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் இது.

மூன்றாவது, ஏலம் முடிந்த விலையோடு கணக்கு முடிவதில்லை. பெரிய ஏல நிறுவனங்கள் வாங்குபவரிடமும் கமிஷன் வாங்குகின்றன. 20 சதவீதம் என்றால், 100 ரூபாய்க்கு ஏலம் எடுத்தவர் 120 தர வேண்டும். அதற்கு மேல் வரி, தபால் செலவு, சுங்கம்.

நான்காவது, உங்களிடம் உண்மையிலேயே பழைய காசு இருந்தால் தயவு செய்து புளி போட்டுத் தேய்க்காதீர்கள். பளபளப்பாக்கினால் விலை கூடும் என்று நினைப்போம். நடப்பது தலைகீழ். காலம் படிந்த அந்த நிறத்தைத்தான் சேகரிப்பாளர்கள் தேடுகிறார்கள். தேய்த்த காசுக்கு மதிப்பு குறையும்.

ஐந்தாவது, சட்டம். நூறு ஆண்டுக்கு மேற்பட்ட காசு தொல்பொருள் கணக்கில் வரும். 1972-ம் ஆண்டுச் சட்டப்படி, அனுமதி இல்லாமல் அதை வெளிநாட்டுக்கு அனுப்பக்கூடாது. வெளிநாட்டுத் தளத்தில் விற்று தபாலில் அனுப்பிவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். மண்ணைத் தோண்டும்போது கிடைத்த புதையல் என்றால் அது வேறு விஷயம். 1878-ம் ஆண்டுச் சட்டப்படி, அதன் மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினாலே கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும்.

சென்னையில் இருப்பவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை எழும்பூர் அருங்காட்சியகத்திற்குப் போய் வரலாம். அங்கே நாணயங்களுக்கென்றே ஒரு பிரிவு உண்டு. அசல் பழைய காசு எப்படி இருக்கும் என்பது கண்ணுக்குப் பழகும். ஸ்கிரீனில் நூறு படம் பார்ப்பதைவிட இது மேல்.

பன்னிரண்டு நிமிடமும் எட்டு ஆண்டும்

"அப்படியானால் இன்டர்நெட் ஏலம் பணக்காரர்களுக்கு மட்டும்தானா? சாதாரண ஜனங்களுக்கு எச்சரிக்கை மட்டும்தானா மிச்சம்?" என்று நீங்கள் கேட்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மிட்டாய் டப்பா வீட்டுக்காரர் செய்த வேலை சாதாரண ஆளும் செய்யக்கூடியதுதான். அவர் டப்பாவைத் தூக்கி எறியவில்லை. என்ன இது என்று தெரிந்தவரிடம் கேட்டார். பிறகுதான் ஏலம், ஆன்லைன் எல்லாம் வந்தன. நம்மில் பலர் இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்யப் பார்க்கிறோம். முதலில் விலையைத் தேடுகிறோம், பிறகுதான் பொருள் என்னவென்று கேட்கிறோம்.

பாஸ்டன் காசு அலமாரியில் கிடைத்தது 2016-ல். ஏலத்திற்கு வந்தது 2024-ல். இடையில் எட்டு ஆண்டுகள். ஏலம் நடந்தது பன்னிரண்டு நிமிடம். செய்தியில் வந்தது அந்தப் பன்னிரண்டு நிமிடம்தான். ஆனால் விலைக்கு அடித்தளம் போட்டது அதற்கு முன் நடந்த அடையாளம் காணும் வேலை.

புதிதாக வாங்கிய கம்ப்யூட்டரில் இந்த இரண்டு வேலைக்கும் வழி இருக்கிறது. பன்னிரண்டு நிமிடத்துக்கான வழியை எல்லா விளம்பரமும் உங்களுக்குக் காட்டும். தேடுவது, ஒப்பிடுவது, விற்ற விலையைப் பார்ப்பது, சான்று எண்ணைச் சரிபார்ப்பது, தெரிந்தவருக்கு ஒரு மெயில் அனுப்பிக் கேட்பது போன்ற வேலைகளுக்கு விளம்பரம் கிடையாது. முதலில் அவற்றைப் பழகிக்கொள்ளுங்கள். வீட்டில் பெரியவர்களுக்கு இப்படி ஒரு போன் வந்தால், பணம் கட்டுவதற்கு முன் உங்களைக் கூப்பிடச் சொல்லி இன்றே சொல்லி வையுங்கள்.